ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது

பிப்ரவரி 9

மனுதாரருக்கு,

உன் வக்கீலும் என் வக்கீலும் சொல்லி வைத்தாற்போல ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள்: இனி எது பேசுவதானாலும் எழுத்தில் பேசுங்கள். நம் கல்யாணத்தில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். அக்கா வீட்டில்தான் இருக்கிறோம். கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு விடுகிறார். பேச்சு சுத்தமாக இல்லை. எழுதிக் காட்டச் சொல்லி ஒரு பலகை கொடுத்தோம், கோபத்தில் அதைத் தூக்கி எறிகிறார். நீ கேட்கவில்லை, தெரியும். சொல்லி வைக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் நம் வீட்டு உள் அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அவர் குரலைப் பதிவு செய்தேனே, நினைவிருக்கும். பக்கத்து அறைக் கடையில் உன் எம்பிராய்டரி மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னதற்கு வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, அதுதான். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா இப்போது அந்தப் பதிவுகளைக் கேட்கிறார். கொடுத்தால், அப்பா டைப் செய்வதை அவர் குரலிலேயே பேசும் கருவி ஒன்றைத் தயார் செய்து தருவார்களாம். இனி புதிதாகப் பதிவு செய்யக் குரல் இல்லை. இருப்பது அவ்வளவுதான், அது உன் கடையில் நிற்கும் கம்ப்யூட்டரில், உனக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ் என்று டிஸ்க்கைப் பிரித்தோமே, அதில் என்னுடைய லினக்ஸ் பகுதியில் இருக்கிறது.

வீட்டை விட்டு வரும்போது "கம்ப்யூட்டரை நீயே வெச்சுக்கோ"ன்னு சொன்னேன்தான். கம்ப்யூட்டரைத்தான் சொன்னேன், அதில் என் பங்கையும் சேர்த்துச் சொல்லவில்லை. சனிக்கிழமை அத்தான் வருவார். டிஸ்க்கைக் கழற்றி அவரிடம் கொடு. அதுவரை எதையும் நோண்டாதே.

எதிர்மனுதாரர்

பிப்ரவரி 12

மாண்புமிகு எதிர்மனுதாரருக்கு,

மாமா பிழைத்துக்கொண்டார் என்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் குரல் போய்விட்டது என்று நான் மூக்கைச் சிந்துவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தக் குரலால் நான் பட்டது கொஞ்ச நஞ்சமா?

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். என் பெரிய வாடிக்கையாளரான டாக்டரம்மாவின் கோட்டில் நான் கழுத்துப் பூ போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் தாங்கவில்லை என்று மாமா எழுந்து போய் மெயின் சுவிட்சையே அணைத்தார். ஊசி துணிக்குள் நின்றுவிட்டது, கோட்டு கிழிந்தது. டாக்டரம்மா வந்தபோது நான் வாயைத் திறப்பதற்குள், "இவளுக்கு வேலை தெரியாதும்மா, சும்மா கடையைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா"ன்னு சொன்னார். அந்தம்மாவும் போனார், அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்துகொண்டிருந்த நர்ஸ்கள் அத்தனை பேரும் போனார்கள். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தைக் கூடத் திருப்பவில்லை.

டிஸ்க்கைத் தர முடியாது. என் வாடிக்கையாளர்களின் டிசைன் எல்லாம் அதில்தான் இருக்கிறது. உங்கள் அத்தானிடம் கொடுத்தால் அது எந்த வீட்டு அலமாரியில் போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. உங்கள் கறுப்பு மெனு இப்போது வருவதில்லை. முன்பெல்லாம் கம்ப்யூட்டரைப் போட்டால் எது வேண்டும் என்று கேட்கும்: முதலில் உங்கள் லினக்ஸ், கீழே இரண்டாவதாக என் விண்டோஸ். பத்து விநாடிக்குள் நான் ஓடி வந்து கீழே நகர்த்தாவிட்டால் உங்களுடையதுதான் திறக்கும். கையில் நூலும் வாசலில் ஆளுமாக இருக்கும்போது அந்தப் பத்து விநாடிக்கு நான் ஓடிய ஓட்டம் போதும். சர்வீஸ் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இந்தக் கறுப்பு ஸ்கிரீன் இனிமே என் கண்ணுல படக் கூடாது"ன்னு சொன்னேன். எடுத்துக் கொடுத்துவிட்டார். இப்போது போட்டதும் நேராக விண்டோஸ்.

ஆமாம், என் பங்கு என் பங்கு என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது? C இருக்கிறது, D இருக்கிறது. புதிதாகக் காலியாக E ஒன்று வந்திருக்கிறது, நல்ல பெரிதாக. லினக்ஸ் என்று எதையும் காணோம்.

மனுதாரர்

பிப்ரவரி 14

E எங்கிருந்து வந்தது? என்ன அழுத்தினாய்?

போன் செய்தேன், எடுக்கவில்லை. அக்கா போனிலிருந்து செய்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். கூரியரில் அனுப்புகிறேன். இதைப் படித்த கையோடு கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கு. ஒன்றையும் சேமிக்காதே. அந்த E-ஐத் தொடவே தொடாதே.

மெனுவை எடுத்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. மெனு என்பது வாசல் கதவில் ஒட்டிய போர்டு மாதிரி. அந்த ஆள் போர்டைத்தான் கிழித்திருப்பான், வீடு உள்ளே அப்படியே இருந்திருக்கும். நான் வந்து பத்து நிமிஷத்தில் திரும்ப மாட்டியிருப்பேன். ஆனால் E என்று ஒன்று காலியாக நிற்கிறது என்றால் யாரோ வீட்டுக்குள்ளேயே போய்விட்டார்கள் என்று அர்த்தம். அது யார் என்று சொல்.

பிப்ரவரி 16

நான்தான் போனேன். மறைக்க என்ன இருக்கிறது?

சர்வீஸ் கடைக்காரர் போன மறுநாள் ஸ்கிரீனில் E என்று ஒன்று தெரிந்தது. என்ன இது என்று திறந்து பார்த்தேன். "இதைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று கேட்டது. D முழுக்க நிரம்பி, இடமில்லை இடமில்லை என்று நாளெல்லாம் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. டிஸ்க்கைப் பிரிக்கும்போது பெரிய பங்கை நீங்கள் எடுத்துக்கொண்டு, "உனக்கு நாலு பூப்படம்தானே, இது போதும்"னு சிறிய பங்கை எனக்குத் தள்ளிவிட்டது இதே கையோடு சொல்லிக்கொள்கிறேன். காலியிடம் ஒன்று தானாக வந்து செய்யவா என்று கேட்கிறது. செய் என்றேன்.

அது உங்கள் இடம் என்று அதில் எழுதியிருந்ததா? உங்கள் பெயர் போட்டிருந்ததா? விண்டோஸுக்குத் தெரியாத இடம் எனக்கு எப்படித் தெரியும்? மாமாவின் குரல் இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று ஒரு நாளாவது வாய் திறந்து சொன்னீர்களா? உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஊரெல்லாம் "காப்பி எடுத்து வெச்சுக்கோங்க"ன்னு உபதேசம் செய்யும் ஆள் நீங்கள். ஆபீஸில் சர்வரைக் கட்டி மேய்ப்பவர். காப்பி எங்கே?

பிளக்கைப் பிடுங்க முடியாது. பள்ளிக்கூடத்துக் கோட்டுகளுக்கு பேட்ஜ் போடும் வேலை எடுத்திருக்கிறேன். நீங்கள் போன பிறகு நானாகப் பிடித்த முதல் பெரிய வேலை. முடிந்ததும் பார்க்கலாம்.

மனுதாரர்

பிப்ரவரி 18

காப்பி இருக்கிறது. அதே டிஸ்க்கில், அதே பங்கில், வேறு ஃபோல்டரில் இருக்கிறது. சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள். அக்கா ஏற்கெனவே சிரித்துவிட்டு அழுதாள்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கோபத்தை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டுப் படி. ஃபார்மேட் என்று நீ அழுத்தியதில் குரல் அழியவில்லை. எது எங்கே இருக்கிறது என்ற விவரம் மட்டும்தான் போயிற்று. அப்பா பேசியது டிஸ்க்கில் இன்னும் அப்படியே கிடக்கிறது. ஆனால் அது காலியிடம் என்று விண்டோஸ் நினைத்துக்கொண்டிருக்கிறது. நீ ஒவ்வொரு பேட்ஜைச் சேமிக்கும்போதும் அப்பாவின் பேச்சு ஒன்றின் மேல் அதைக் கொண்டுபோய் எழுதுகிறது. அதன் பிறகு எந்த மந்திரவாதி வந்தாலும் அது திரும்பாது.

அதனால்தான் நிறுத்து என்று கத்துகிறேன். தெரியாமல் செய்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். நம்பவில்லை, வைத்துக்கொள்கிறேன். இனிமேல் செய்தால் அது தெரிந்து செய்வது. அப்பா நேற்று தண்ணீர் கேட்பதற்காகக் கட்டிலைத் தட்டினார். அக்கா தலையணை கொடுத்தாள், போர்வை கொடுத்தாள், ஜன்னலைத் திறந்தாள். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். உன் கிழிந்த கோட்டுக்குப் பழி தீர இது போதுமா, இன்னும் வேண்டுமா?

எதிர்மனுதாரர்

பிப்ரவரி 21

பேட்ஜ் வேலை முடிந்தது. கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகும் வேலை நடந்தது. D-இல் இடமில்லை, அதனால் E-இல்தான் சேமித்தேன். தெரிந்துதான் செய்தேன். போய் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், கோர்ட்டில் நானே ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவை என் வேலை பாதியில் நின்று நான் தெருவுக்கு வந்தேன். இரண்டாம் தடவையும் அதே ஆளுக்காக நிறுத்த என்னால் முடியவில்லை. ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் உங்கள் கடிதம் கண் முன்னால் நின்றது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சேமித்தேன்.

சனிக்கிழமை உங்கள் அத்தான் வந்தார். கடையில் ஆட்கள் இருக்கும்போதே, "எங்க மாமனார் வாயை அடைச்சுட்டியே, உருப்படுவியா?"ன்னு கத்தினார். "கத்தறதுக்காவது உங்களுக்கு வாய் இருக்கே, சந்தோஷம், போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிவிட்டேன். டிஸ்க்கை அவர் கையில் மட்டும் தர மாட்டேன்.

செய்ய வேண்டியதை எழுதுங்கள். நானே செய்கிறேன். ஆயிரக்கணக்கான தையலை ஒன்று பிசகாமல் போடுகிறவள் நான், உங்கள் நாலு வரி கட்டளையை அடிக்க மாட்டேனா?

மனுதாரர்

பிப்ரவரி 24

வேறு வழியில்லாததால் உன்னை நம்புகிறேன். இத்துடன் ஒரு பென் டிரைவும் ஒரு புதிய டிஸ்க்கும் வருகின்றன. பென் டிரைவில் லினக்ஸ் இருக்கிறது. அதிலிருந்தே கம்ப்யூட்டர் கிளம்பும், பழைய டிஸ்க்கை எழுப்ப வேண்டியதில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் F12-ஐத் தட்டு, எதிலிருந்து கிளம்பட்டும் என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டு. ஆமாம், மறுபடியும் ஒரு மெனுதான். பல்லைக் கடித்துக்கொள்.

முதல் வேலை, பழைய டிஸ்க்கை அப்படியே புதிய டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. தேடுவதெல்லாம் நகலில்தான், பழையதைத் தொடக் கூடாது. கட்டளையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதில் எதிலிருந்து, எதற்கு என்று இரண்டு இடம் இருக்கும். அதை மாற்றி அடித்தால் புதிய டிஸ்க்கின் வெறுமை பழையதன் மேல் ஏறி, அப்பா குரலோடு உன் டிசைன்களும் சேர்ந்து போகும். கட்டளை "நிச்சயமா?" என்றெல்லாம் கேட்காது. என் ஆபீஸிலேயே ஒருவன் அப்படி மாற்றி அடித்து வேலையை இழந்தான். எந்த டிஸ்க் எது என்று அளவைப் பார்த்து உறுதி செய், பிறகு அடி. அடித்த பிறகு பாதி நாள் ஆகும், ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், பொறுமையாக இரு. பொறுமை உனக்கு வருமா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் தேடும் புரோகிராமை ஓட்டு. கிடைக்கிற ஒலிக் கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் போட்டு அனுப்பு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கருவி எப்போது வரும் என்று தினமும் சைகையில் கேட்கிறார்.

எதிர்மனுதாரர்

மார்ச் 5

எதிர்மனுதாரருக்கு,

நகல் எடுத்தேன். மாற்றி அடிக்கவில்லை. துணித் துண்டில் சாக்பீஸால் "இதிலிருந்து", "இதற்கு" என்று எழுதி, இரண்டு டிஸ்க்கிலும் ஒட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அடிப்பதற்கு முன் அளவை மூன்று தடவை சரிபார்த்தேன், அது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கிடைத்திருக்கிறது. முழுக்க இல்லை, ஆனால் பெரும்பகுதி கிடைத்திருக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது: கோப்புகளுக்குப் பெயர் இல்லை. எல்லாம் வெறும் எண். எதில் என்ன பேசியிருக்கிறார் என்று கேட்டால்தான் தெரியும். பேச்சுப் பயிற்சி தரும் அந்த ஆஸ்பத்திரியம்மாவுக்குப் போன் செய்து விசாரித்தேன். பெயரில்லாமல் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை, ஒவ்வொன்றிலும் என்ன வாக்கியம் என்று எழுதித் தர வேண்டும் என்றார்.

அப்புறம் யார் செய்வது? கடையைச் சாத்திவிட்டு, யாரோடு பேச்சை விட்டேனோ அந்த மனிதர் பேசுவதை ஹெட்போன் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கேட்டேன். "தண்ணி வேணும்." "ஃபேனைக் குறை." "யாரு வந்திருக்கா?" "எனக்கு வலிக்குது." ஒன்றில் இருமுகிறார், நீங்கள் "இன்னொரு தடவைப்பா" என்கிறீர்கள். ஒன்றில் பின்னால் என் மெஷின் ஓடுகிறது, "அவளை நிறுத்தச் சொல்லுடா" என்கிறார். அதற்கும் பெயர் வைத்து அனுப்பியிருக்கிறேன், உபயோகப்படும்.

எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். "எனக்கு வலிக்குது" என்பதை மட்டும் அவர் ரொம்பச் சின்னக் குரலில் சொல்லியிருக்கிறார், மற்ற எல்லாவற்றையும் அதட்டிச் சொல்பவர். அதைக் கேட்டு அழுதேன். அதற்காக என் மனம் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொல்கிறேன். வேண்டும், வேண்டாம், கொடு, எடு, போ, வா, நன்றி கூட இருக்கிறது. "மன்னிச்சிரு" என்று ஒன்று கிடையாது. உங்களுக்கும் அதைச் சேர்க்கத் தோன்றவில்லை, அவருக்கும் தேவைப்படவில்லை. ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சிலது பாதியில் உடைந்திருக்கிறது. ஒன்றில் "இரு, அணைக்காதே" என்கிறார், அப்புறம் "கோட்டு" என்று வருகிறது, அதன் பிறகு வெறும் இரைச்சல். குளிருக்குக் கோட்டு கேட்டிருப்பார். அந்த மாதிரி உடைந்தவற்றைத் தனியாகப் போட்டிருக்கிறேன்.

மனுதாரர்

மார்ச் 9

பென் டிரைவ் வந்தது. ஆஸ்பத்திரியம்மா கேட்டுப் பார்த்தார். இது போதும், அப்பாவின் குரலை உருவாக்கிவிடலாம் என்கிறார். இனி அவர் என்ன டைப் செய்தாலும் அந்தக் குரலில் வரும். நீ எழுதி வைத்திருந்த விதத்தைப் பார்த்து, "யார் செஞ்சாங்க, இவ்ளோ சுத்தமா இருக்கே?"ன்னு கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

அவர் குளிருக்குக் கோட்டு கேட்கவில்லை. கடைசி நாள், பட்டியலில் இருந்ததெல்லாம் முடிந்து மைக்கை அணைக்கப் போனேன். "இரு, அணைக்காதே"ன்னார். பிறகு உன்னை நேரில் வைத்துப் பேசுவது போல மைக்கைப் பார்த்துச் சொன்னார்: "கோட்டு விஷயத்துல நான் செஞ்சது அக்கிரமம்மா. உனக்கு வேலை தெரியும். எனக்குத் தெரியும் உனக்குத் தெரியும்னு. மன்னிச்சிரு." என்னைப் பார்த்து, "எனக்கு வாய் போனப்புறம் அவகிட்ட போட்டுக் காட்டு"ன்னார்.

அது இருந்த இடத்தில் இப்போது உன் பேட்ஜ் இருக்கிறது. முதல் நாள் நீ போட்டதா, என் கடிதம் வந்த பிறகு போட்டதா என்று தெரிந்துகொள்ள தேடும் புரோகிராம் பென் டிரைவில் விட்டிருந்த பட்டியலில் உடைந்த கோப்பு கிடந்த இடத்தையும் அங்கே உட்கார்ந்த பேட்ஜின் தேதியையும் பார்த்தேன். கடிதத்துக்குப் பிறகு போட்டது.

இதைப் படித்து நீ வருந்த வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நாகரிகமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. வேண்டுமானால் ஆஸ்பத்திரியம்மாவிடம் சொல்லி, அதே வார்த்தைகளை அவர் குரலில் கருவியைச் சொல்ல வைத்து உனக்கு அனுப்புகிறேன். வித்தியாசம் தெரியாது என்கிறார்.

எதிர்மனுதாரர்

மார்ச் 12

உங்களுக்கு,

வருந்த வேண்டும் என்று எழுதினீர்கள். வருந்தினேன். கடையைத் திறக்கவில்லை. அந்த உடைந்த கோப்பை மறுபடி போட்டுக் கேட்டேன். "கோட்டு" என்று சொல்லும்போது குரல் இறங்குகிறது, அது அப்போதே என் காதில் விழுந்திருக்க வேண்டும். நானே என் கையால் அதை மூடிவிட்டேன். யார் மேலும் பழி போட முடியாது, என் மேல்தான்.

இப்போது நீங்கள் கேளுங்கள். அவர் அதைச் சொன்ன நாளில் நான் அடுத்த அறையில் இருந்தேன். மெஷினை நிறுத்திவிட்டு, நீங்கள் சொன்னபடி சத்தம் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு கதவு. அவருக்கு அன்றைக்குக் குரல் இருந்தது. எழுந்து வந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், வாய் போன பிறகு போட்டுக் காட்டு என்று உங்களிடம் கொடுத்திருக்கிறார். நீங்கள் அதை வாங்கி, என் கண்ணுக்கே தெரியாத இடத்தில் வைத்திருந்தீர்கள். நான் மனு போடும் வரை வைத்திருந்தீர்கள். போட்ட பிறகும் வைத்திருந்தீர்கள். அன்று மாலையே கதவைத் திறந்து அதை எனக்குப் போட்டுக் காட்டியிருந்தால் இந்த மனுவே போட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நீங்கள் அழித்தீர்கள். அதற்கு ஃபார்மேட் பொத்தான் கூட வேண்டியிருக்கவில்லை.

கருவியை அந்த வார்த்தைகளைச் சொல்ல வைக்காதீர்கள். வித்தியாசம் தெரியாது என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். அவர் சொன்னது போய்விட்டது. செய்து கொடுத்ததை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள், அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு வருகிறேன். மாமாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, இல்லையா? கோட்டைப் பற்றி, டாக்டரம்மாவைப் பற்றி, அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் எனக்கு எப்படி இருந்தது என்பதைப் பற்றி, ஆரம்பத்திலிருந்து அவரிடம் சொல்லப் போகிறேன். அழித்தது நான்தான் என்பதையும் சொல்வேன். கருவி வந்திருந்தாலும் நான் முடிக்கும் வரை அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் அவர் பேசினார், நான் கேட்டேன். இந்த ஒரு நாள் நான் பேசுகிறேன், அவர் கேட்கட்டும்.